நாடி பிடித்துக் கடை சொன்னவர்

அந்தத் தீவில் எதை எங்கே வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் கால் வேண்டியிருந்தது. நாலு தெரு நடக்க வேண்டும். கடைக்குக் கடை ஏறி இறங்க வேண்டும். விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்தச் சிரமம் எதுவும் இல்லை, கையை நீட்டினால் போதும் என்றார்கள். நாடியார் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, உங்களுக்கான பொருள் எந்தக் கடையில் எந்த அலமாரியில் காத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம்.

காத்திருக்கிறது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாம் பொருளைத் தேடிப் போவதில்லை. பொருள்தான் நமக்காகத் தவம் கிடக்கிறது. நமக்கென்று விதித்ததை வாங்கினால் வீடு விளங்கும். அடுத்தவருக்கு விதித்ததை வாங்கினால் விளங்காது. நாடியாரின் தத்துவம் அவ்வளவுதான். இதில் கடைக்காரருக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

படகிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. எதிர் இருக்கையில் அகலமான ஓலைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து எச்சரித்தார்.

"நாடியாரைப் பாக்காம கடைப்பக்கம் போயிடாதீங்க. என் ஓரகத்தி போன வருஷம் தன் இஷ்டத்துக்கு ஒரு மரப்பொம்மை வாங்கினா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஃப்ரிட்ஜ் ரிப்பேர்."

"பொம்மைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று என் தங்கை கேட்டாள்.

"அதைத்தான் முன்னாடியே நாடியார்கிட்ட கேட்டிருக்கணுங்கறேன்."

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கு மாடிப்படியில் கால் இடறியதாம். இன்னொருவருக்குப் பதவி உயர்வு வந்ததாம். இரண்டுக்கும் தீவில் வாங்கிய துண்டுதான் காரணமாம். அதே துண்டா, வேறு வேறு துண்டா என்று என் தங்கை கேட்க வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். முன்பின் தெரியாதவர்களிடம் வம்பளப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

நாங்கள் தீவுக்குப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளைக் கொடுத்திருக்கும் வீட்டார் பாத்திரக்கடை நடத்துகிறவர்கள். இரண்டாவதாக ஒரு கடை திறக்க ஏற்பாடாகியிருந்தது. கடைக்கு வேண்டிய சரக்கு பிடித்ததிலிருந்து அலமாரி அடித்தது வரை எல்லாம் என் மகள் கணக்குப் பார்த்துச் செய்தது. திறப்பு அன்று கல்லாவில் அவள்தான் உட்காருவாள் என்று சம்பந்தியம்மாவே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பரிசுப் பொருட்களும், கடை முகப்பில் வைக்க ஒரு நல்ல பொருளும் தீவில் வாங்கலாம், இரண்டு குடும்பமும் சேர்ந்தே போகலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். என் மனைவிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. சம்பந்திக்குக் கடையை விட்டு வர மனம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே நான், என் தங்கை, சில நாளாக எங்களோடு இருந்த என் மகள் மூவரும் ஒரு படகில் போனோம். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் முந்தின நாளே போய், மலைமுகட்டில் இருக்கும் பெரிய விடுதியில் தங்கியிருந்தார்கள்.

எங்களுக்கும் அங்கேயே அறை போடுவதாகச் சம்பந்தியம்மா சொன்னார். பெண்ணைக் கொடுத்திருக்கும் வீட்டார் செலவில் படுத்துறங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மேலே ஒரு லாட்ஜில் என் செலவில் அறை எடுத்தேன். அறை சுத்தமாகத்தான் இருந்தது. டீசல் வாசனையும் சுத்தியல் சத்தமும் கூடவே வந்தன, அதற்குத் தனி வாடகை கேட்கவில்லை.

அந்தத் தீவில் எந்த விடுதியில் தங்கினாலும் கையில் ஒரு பட்டையை மாட்டிவிடுகிறார்கள். சாப்பாட்டு அறையில் யார் நம்ம ஆள், யார் வெளியாள் என்று அடையாளம் தெரிவதற்காக. மலைமுகட்டு விடுதியில் ஜரிகை வைத்த துணிப்பட்டை. ஒரு மணியை இழுத்தால் இறுகும், தளராது. கடற்கரை விடுதியில் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் பட்டை. எங்கள் லாட்ஜில் வழவழவென்று ஒரு ரப்பர் வளையம். என் மகளும் தங்கையும் மாட்டிக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவதை எனக்குக் கட்ட வேண்டாம் என்று சொல்லி, என் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெட்டியை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் சம்பந்தியம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். கழுத்தில் புது முத்துமாலை. மாப்பிள்ளை இரண்டு கையிலும் பைகளோடு பின்னால் நின்றார்.

"சம்பந்தி, நேத்தே நான் நாடியாரைப் பாத்துட்டேன். கண்ணைக் கறுப்புத் துணியால கட்டிக்கிட்டு என் கையைப் பிடிச்சார். நான் வாயே திறக்கல. நீங்க உயரமான இடத்துலேர்ந்து வர்றீங்க, நல்ல காத்து, விடிஞ்சதும் ஜன்னல்ல கடல் தெரியுதுங்கறார். அப்படியே எங்க ரூமு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"எவ்வளவு வாங்கினார்?" என்றாள் என் தங்கை.

"ஒத்தைப் பைசா வாங்கல. அதுதான் விசேஷம். ஒரு சிப்பி கொடுத்தார். அதை முத்துக்கடையில கொடுத்தா, காத்திருந்த மாலையை எடுத்துக் கொடுக்கறாங்க. மகாலட்சுமி கைன்னு சொன்னார். இப்ப உங்க பொண்ணு கையைப் பாக்கணும். புதுக்கடைக்கு எது ராசின்னு அவ நாடியிலதானே இருக்கு."

கடைத்தெருவில் முத்து, துணி, மரப்பொம்மை, வாசனை சோப்பு, கிளிஞ்சல் விளக்கு என்று வரிசையாகக் கடைகள். கடைக்காரர்கள் வாசலில் நின்று வாங்க வாங்க என்றார்கள். யாரும் ஏறவில்லை. தன் கண்ணால் ஒரு பொருளைப் பார்த்து வாங்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. கூட்டம் முழுவதும் தெருமுனையில், நீலக் கூடாரத்தின் முன்னால் வரிசை கட்டி நின்றது. இறங்கியதும் முதல் வேலையாக எல்லாரும் ஒரே மாதிரி ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஆள் நூறு தடவை நிற்பது போலிருந்தது.

கூடாரத்தில் நாடியார் உயரமான நாற்காலியில் வீற்றிருந்தார். கண்ணில் கறுப்புத் துணி, மூன்று சுற்று. சந்தேகப்பட்டால் நீங்களே கட்டிப் பார்க்கலாம் என்று அவருடைய சீடர் அறிவித்தார். இரண்டு பேர் போய் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தேறியவர்கள் போல் திரும்பினார்கள். வருகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பேசினால் நாடி கலங்கிவிடுமாம்.

எங்களுக்கு முன்னால் தாடி வைத்த ஒருவரும் அவர் மனைவியும் போனார்கள். தாடிக்காரரின் கையைப் பிடித்ததும் நாடியார் சொன்னார்.

"மணல். கால் பூரா மணல். அலைச்சத்தம் தலைமாட்டுலேயே கேக்குது."

"ஐயோ, ஆமா சாமி. பீச்சு மேலேயேதான்..."

"பேசாதீங்க" என்றார் சீடர்.

"ஆட்டம் போடற பொம்மை ஒண்ணு உங்களுக்காக நிக்குது. மரப்பொம்மைக் கடை, ரெண்டாவது அலமாரி."

கூட்டம் மூச்சை இழுத்து விட்டது. தாடிக்காரர் சிப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கால் முழுக்க மணல் ஒட்டியிருந்ததைக் கண் கட்டாத நாங்கள் எல்லாருமே பார்த்தோம். ஆனால் அது அதிசயம் ஆகாது அல்லவா.

அடுத்து என் மகள். வலது கையை நீட்டினாள். சீடர் அதை ஒதுக்கிவிட்டு, அவள் இடது கையை எடுத்து நாடியாரின் விரல்களில் வைத்தார். விரல்கள் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நடை போயின. உடனே சூடான பாத்திரத்தைத் தொட்டது போல் கையை உதறினார்.

"இருட்டு. டீசல் வாசம். இரும்பு அடிக்கிற சத்தம்." ஒரு பெருமூச்சு. "வறண்ட கை. இது தொட்ட பணம் தங்காது. காசுப்பெட்டிப் பக்கம் விடாதீங்க. கடலைப் பாத்துட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்க. அடுத்தவங்க யாரு?"

சிப்பி கூடக் கொடுக்கவில்லை.

என் மகள் கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை, ஆனால் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற ஒரு பெண் தன் பர்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்கு வழிவிட்டதை நான் பார்த்தேன். நூறு பேர் நடுவில் எங்கள் வீட்டுப் பெண்ணை ஒருவன் வறண்ட கை என்று சொல்லிவிட்டான். எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன.

பகல் சாப்பாட்டின்போது சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. அவ எனக்குப் பொண்ணு மாதிரி. ஆனா புதுக்கடை பாருங்க. திறப்பு அன்னைக்குக் கல்லாவுல என் நாத்தனார் மக உக்காரட்டும். கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பாக்கலாம். இன்னிக்கு ராத்திரியும் இவ உங்களோடயே இருக்கட்டும். எனக்கு மனசு சரியில்ல."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்க்கும்படி நாடியார் சொன்னது என் மகளுக்கு. கடைப்பிடித்தவர் மாப்பிள்ளை.

"எங்க குடும்பத்துல யார் கையையும் யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்றேன்.

"உன் கையெழுத்தை எல்லாருந்தான் குறை சொன்னாங்க" என்றாள் என் தங்கை. "நீ சும்மா இரு அண்ணே. சம்பந்தியம்மா, நீங்க சாப்பிடுங்க."

என் தங்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்பது அவள் தொழில். இன்றைக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். பலர் பயந்து சட்டைப் பையைத் துழாவியிருக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்து லாட்ஜுக்குத் திரும்பியதும் பெட்டியைக் கையில் எடுத்தேன். அடுத்த படகில் கிளம்புவதாக அவளிடம் சொன்னேன்.

"தாராளமாப் போகலாம். நாம படகு ஏறின உடனே அவன் சொன்னது நிஜம்னு முடிவாயிடும். நம்ம பொண்ணு ஆயுசுக்கும் வறண்ட கை. பரவாயில்லையா?"

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவள் கூடாரத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இருட்டும் நேரத்தில்தான் லாட்ஜுக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, நாடி பாக்கறவங்க ஆம்பளைக்கு எந்தக் கை பாப்பாங்க?"

"வலது கை. பெண்ணுக்கு இடது."

"இவன் தாடிக்காரருக்கு இடது கையைப் பிடிச்சான். அவர் பொண்டாட்டிக்கு வலது. நம்ம பொண்ணு வலது கையை நீட்டினா, சீடன் தள்ளிட்டு இடதை எடுத்துக் கொடுக்கறான். மத்தியானம் பூரா பாத்தேன். எந்தக் கையில விடுதிப் பட்டை இருக்கோ அந்தக் கைதான் அவனுக்கு நாடி."

நான் சட்டைப் பையிலிருந்த வளையத்தை எடுத்துப் பார்த்தேன்.

"விரலைப் பாத்தியா? நாடி துடிக்கிற கட்டைவிரல் பக்கம் போகவே இல்ல. பட்டையைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிக்குது. துணின்னா மலைமுகட்டு விடுதி. உயரம், காத்து, ஜன்னல்ல கடல். ஆளு வசதின்னு அர்த்தம், அனுப்பு முத்துக்கடைக்கு. பிளாஸ்டிக்னா பீச்சு விடுதி, நடுத்தரம், பொம்மைக் கடைக்குப் போ. ரப்பர்னா இந்த லாட்ஜு. இவங்க எதுவும் வாங்க மாட்டாங்க, வரிசையை அடைக்கக் கூடாது. கடலைப் பாத்துட்டுப் போ. டிக்கெட்டைத் தடவியே எந்த வண்டின்னு சொல்ற கண்டக்டருங்க எனக்குத் தெரியும். அவங்க யாரும் சாமியார் ஆகல, பாவம்."

"அந்தச் சிப்பி?"

"முத்துக்கடை மேசையில ஒரு ஜாடி நிறையக் கிடக்குது. சாயங்காலம் சீடன் வந்து ஜாடியைக் கவுத்துக்கிட்டுப் போனான். கடைக்காரர் கூடவே ஒரு கவர் கொடுத்தார். சிப்பி நாளைக்குத் திரும்ப நாடியார்கிட்ட. கவர் திரும்பாது."

"நாளைக்கே கூட்டத்துல நின்னு நான் இதைப் பேசறேன்."

"நீ பேசினா கூட்டம் கலையும், உண்மைதான். ஆனா நம்பிக்கை கலையாது. நாமளா எதுவும் சொல்ல வேண்டாம். அவனே சொல்லட்டும்."

காலையில் சம்பந்தியம்மா ஒரு கூடைப் பழத்தோடு லாட்ஜுக்கு வந்தார். இரவு தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல மனுஷி. கல்லாவை மாற்றிச் சொல்லிவிட்டாரே தவிர, அதைச் சொன்ன வாய் அவருக்கே கசந்திருந்தது. என் தங்கை அவரையும் என் மகளையும் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

"சம்பந்தியம்மா, உங்க பட்டையை இவ போட்டுக்கட்டும். இவ பட்டையை நீங்க போட்டுக்கங்க. மறுபடியும் ஒரு தடவை போய் வரலாம்."

"ஐயையோ, பெரியவங்களைச் சோதிக்கறது பாவம்."

"பாவத்தை நான் வச்சுக்கறேன். நீங்க சோப்பை வச்சுக்கங்க. பட்டையிலயா நாடி ஓடுது? கையிலதானே. பட்டையை மாத்தினா நிஜமான நாடிக்காரருக்கு என்ன வந்துடப் போகுது? உங்க கை அப்பவும் மகாலட்சுமிதான்."

சம்பந்தியம்மா யோசித்தார். தன் கை எப்போதும் மகாலட்சுமிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. கையை நீட்டினார்.

துணிப்பட்டை லேசில் வரவில்லை. சோப்பைக் குழைத்து, என் தங்கை இழுக்க, என் மகள் திருக, சம்பந்தியம்மா நாலு வகையில் முனகினார். அறையைக் கூட்ட வந்த பெண்மணி பிரசவம் என்று நினைத்தோ என்னவோ, ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவழியாகப் பட்டை கழன்றது. என் மகள் அதைத் துடைத்து இடது கையில் போட்டு மணியை இழுத்துக்கொண்டாள். அவளுடைய ரப்பர் வளையம் சம்பந்தியம்மாவின் கைக்குச் சிரமமில்லாமல் ஏறியது. எதுவும் சொல்லாமல் அந்தக் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கூடாரத்தில் அன்று கூட்டம் இன்னும் அதிகம். நாங்களும் எல்லாரையும் போல் ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டிக்கொண்டோம். சீடருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. தொப்பிகளுக்கு நடுவில் தொப்பிகள். நாடியாருக்கோ கண் கட்டியிருந்தது. கட்டியது நாங்கள் இல்லை, அவர்.

முதலில் என் மகள் போனாள். விரல்கள் ஜரிகையைத் தொட்டதும் நாடியாரின் முகம் மலர்ந்தது.

"உயரம். நல்ல காத்து. விடிஞ்சதும் கண்ணுல கடல் படுது. ஆஹா, இது சேர்த்துச் சிவந்த கை. இது தொட்ட பெட்டி நிரம்பி வழியும். தெருக்கோடி முத்துக்கடை, மேல் அலமாரி, நீலப்பெட்டி."

சிப்பி கொடுத்தார்கள். பின்னால் நின்ற சம்பந்தியம்மாவின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் யோசனை வந்தது. அதற்குள் சீடர் அவர் கையைப் பிடித்து நாடியாரின் விரல்களில் வைத்துவிட்டார்.

"இருட்டு" என்றார் நாடியார். "டீசல் வாசம். இரும்பு அடிக்கிற சத்தம். வறண்ட கை. இது தொட்ட பணம் தங்காது. காசுப்பெட்டிப் பக்கம் விடாதீங்க. கடலைப் பாத்துட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்க. அடுத்தவங்க யாரு?"

சம்பந்தியம்மா நகரவில்லை.

"யாருய்யா வறண்ட கை?"

"பேசாதீங்க" என்றார் சீடர்.

"நீ பேசாதடா. என் மாமனார் உயிரோட இருக்கும்போதே கல்லாச் சாவியை என் கையில கொடுத்தார். அன்னைக்குலேர்ந்து இந்தக் கைதான் அந்தக் கடையை நடத்துது. முந்தாநாள் இதே கையைப் பிடிச்சு மகாலட்சுமின்னு சொன்னீங்க. இந்த மாலையை வாங்க வச்சீங்க. ரெண்டு நாள்ல காஞ்சு போச்சா?"

தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. நாடியார் கலங்கவில்லை. தொழிலில் அனுபவம் உள்ளவர்.

"கோபப்படாதீங்க அம்மா. நாடி நாளுக்கு நாள் மாறும். காத்து மாறும், கடல் மாறும்."

"பட்டையும் மாறும்" என்றாள் என் தங்கை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, பதற்றமில்லாமல், பேருந்தில் சில்லறை கேட்கிற குரலில் சொன்னாள். "இந்தப் பொண்ணு நேத்து ரப்பர் பட்டையோட வந்தா, வறண்ட கைன்னார். இன்னிக்குத் துணிப்பட்டையோட வந்தா, சிவந்த கைங்கறார். இந்த அம்மாவுக்கு அப்படியே தலைகீழ். கையைப் பாக்கல, விடுதியைப் பாக்கறார். நீங்க யாரும் என்னை நம்ப வேண்டாம். சாமி, கண்கட்டை அவுக்காதீங்க. இன்னொரு கை பாருங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரிடமும் கை நீட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் என் மகள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததும் வழக்கமில்லாத காட்சிதான். நான் முன்னால் போய் வெறும் கையை நீட்டினேன்.

நாடியாரின் விரல்கள் என் மணிக்கட்டை ஒருமுறை சுற்றி வந்தன. ஒன்றும் தட்டுப்படவில்லை. எதிர்த்திசையில் சுற்றின. முழங்கை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தன. நாடியாரின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"அந்தக் கை" என்றார்.

அதையும் கொடுத்தேன். அங்கேயும் விரல்கள் வெகுதூரம் நடந்தன.

"நாடி... நாடி ஓடலையே."

வரிசையில் நின்ற தாடிக்காரர் கையில் ஆடும் பொம்மையோடு எட்டிப் பார்த்தார். அவர் பொம்மையை மாற்ற முடியுமா என்று கேட்க வந்தவர். "ஓடலைன்னா பெரியவர் போயிட்டாரா?" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி" என்றாள் என் தங்கை. "எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்."

கூட்டத்தில் முதல் சிரிப்பு எழுந்தது. நான் சட்டைப் பையிலிருந்து லாட்ஜ் வளையத்தை எடுத்து எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டி, மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அந்தக் கையை மறுபடியும் நாடியாரின் விரல்களில் வைத்தேன். சீடர் கிளி கத்துவது போல் ஏதோ சத்தம் எழுப்பினார். ஆனால் பழகிய விரல்கள் யாருக்காகவும் நிற்பதில்லை.

"இருட்டு" என்றார் நாடியார். "டீசல்..."

அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கடைத்தெரு முழுவதும் சிரித்தது. படகில் எங்களை எச்சரித்த அம்மாள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு எதற்கு என்று புரியாத நாடியார் தானே கறுப்புத் துணியை அவிழ்த்தார். எதிரே வளையம் மாட்டிய என் கையைப் பார்த்தார். பிறகு, பட்டையைக் காட்டிக் கேலியாக உயர்ந்த நூறு கைகளைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போவது போலக் கூடாரத்துக்குப் பின்னால் போனார். தாகம் பெரிதாக இருந்திருக்க வேண்டும், திரும்பவே இல்லை. சீடர் சிப்பிப் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குத் துணையாகப் போனார்.

இதோடு எல்லாருக்கும் புத்தி வந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது வேறு. கூட்டம் கலையவில்லை. மெல்ல நகர்ந்து என் தங்கையைச் சுற்றி வரிசை கட்டியது. முன்னால் நின்ற பெண் கையை நீட்டினாள்.

"அவன் ஃப்ராடுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களே, உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கு. நான் எந்தக் கடையில வாங்கட்டும்னு நீங்க சொல்லுங்கம்மா."

என் தங்கை அந்தக் கையைப் பிடித்து, மரியாதையாக அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தக் கையால பொருளைத் தூக்கிப் பாரு. கவுத்துப் பாரு. அடுத்த கடையில என்ன விலைன்னு கேளு. பிடிக்கலைன்னா வச்சுட்டு வெளியில வா. ஃப்ரிட்ஜு ரிப்பேரானா மெக்கானிக்கைக் கூப்பிடு."

அந்தப் பெண் சற்று ஏமாற்றத்தோடுதான் போனாள். இவ்வளவு சாதாரணமான வழியா என்று நினைத்திருப்பாள்.

சம்பந்தியம்மா என் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வா கண்ணு. திறப்பு அன்னைக்குக் கல்லாவுல நீதான். நாத்தனார் மக கிடக்கா. சேர்த்துச் சிவந்த கைன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான் பாரு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதே நூறு பேர் முன்னால் எங்கள் வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்த பழி நீங்கிவிட்டது. சரி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் என் மகள் பேசினாள்.

"அத்தை, நேத்து சொன்னது பொய்னா, இன்னிக்குச் சொன்னதும் பொய்தான். பிடிச்சதை மட்டும் எடுத்து வச்சுக்க முடியாது. சிவந்த கைன்னு உக்கார வைக்கறதா இருந்தா நான் வரல. ஒரு மாசம் வியாபாரம் மந்தமானா, அதே கை மறுபடியும் வறண்டு போயிடும். இவளுக்குக் கணக்குத் தெரியும், சரக்குத் தெரியும்னு உக்கார வைங்க. வர்றேன்."

மாப்பிள்ளை முதல் தடவையாகக் கடலிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். "அவ சொல்றது சரிம்மா" என்றார். குரல் சன்னமாகத்தான் வந்தது. வந்ததே பெரிது.

சம்பந்தியம்மா முத்துமாலையைத் தடவிப் பார்த்தார். கழற்றிப் பைக்குள் போட்டார்.

"சரி. கணக்குக்காகத்தான். எல்லார்கிட்டயும் அப்படியே சொல்றேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா சாவியை மட்டும் வலது கையால வாங்கிக்கோ."

என் மகள் சிரித்துவிட்டாள். அவ்வளவு நாள் பழகியது ஒரே காலையில் போய்விடாது. அவள் மாமியாரைக் கையைப் பிடித்து முதல் கடைக்குள் அழைத்துக்கொண்டு போனாள். விலை கேட்கும் சத்தம் வெளியே வரை கேட்டது.

தீவுக்குப் போகிறவர்களே, மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறி, இன்னும் கொஞ்சம் மேலே போனால் அங்கே தலை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொப்பி மாட்டுவதற்கு மட்டும் கொடுக்கவில்லை.